துன்யா கேட்ட பிளஸ் பட்டன்

இணையக் கடைகளுக்கு அட்மின் பக்கம் எழுதுகிறவனுக்கு யாரும் நல்ல காபி கொடுப்பதில்லை. துன்யா கொடுத்தாள். கடை பெரிதாகிவிட்டதென்று உங்களை வேலைக்கு வைத்தவளும் என் மனைவியான அதே துன்யாதான். வந்த வாரமே தடைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இவங்கள்லாம் யார் சார்?" என்று கேட்டீர்கள். உட்காருங்கள், சொல்கிறேன்.

அப்போது கடை சின்னது. துன்யாவும் அவள் அண்ணன் மோமிரும் இந்த லெஸ்கோவாட்ஸ் ஊரில் வீட்டு முற்றத்திலேயே சிவப்பு மிளகாயைச் சுட்டு, அய்வார் துவையல் கிளறி, ஜாடியில் அடைத்து இணையத்தில் விற்றார்கள். ஆர்டர் வந்தால் செய்தி போக வேண்டிய போன் நம்பர் நிரலுக்குள்ளேயே இருந்தது. ஒருநாள் அண்ணன் நம்பர், ஒருநாள் தங்கை நம்பர். மாற்ற என்னைத்தான் கூப்பிட வேண்டும். நானும் சந்தோஷமாகப் போவேன். காபி, சுடச்சுட பாலாடைக்கட்டி வைத்த புரெக், துன்யாவின் சிரிப்பு.

ஒருநாள் அவளே கேட்டாள். "ஸ்வோன்கோ, எத்தனை நம்பர் வேணும்னாலும் நாங்களே சேர்த்துக்கிற மாதிரி பண்ணிக் கொடுங்களேன். பாவம், நீங்க எத்தனை தடவைதான் அலைவீங்க?"

பண்ணிக் கொடுத்தேன். செட்டிங்ஸில் ஒரு கட்டம், பக்கத்தில் பிளஸ். அழுத்தினால் அடியில் இன்னொரு கட்டம். மொத்த ஆர்டர்கள் மோமிர் நம்பருக்கு, சில்லறை துன்யாவுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அவ்வளவு அழகாக வேறெதையும் நான் எழுதியதில்லை. மோமிர் ரக்கியா சாராயம் ஊற்றிக் கொடுத்து முதுகில் தட்டினான்.

"பட்டன் வச்சாச்சுல்ல? இனிமே உனக்கு இங்க ஓசிக் காபி கிடையாது மாப்ள."

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நல்ல தமாஷ்காரன். வீட்டுக்குப் போய் இரண்டு வரி நிரல் சேர்த்தேன். செட்டிங்ஸ் பக்கத்தில் மோமிர் நம்பர் வழக்கம்போலத் தெரியும். செய்தி மட்டும் போகாது.

இலையுதிர் காலத்தில் நீஷ் நகரத்திலிருந்து ஓர் ஓட்டல் பெரிய ஆர்டர் போட்டது. மோமிருக்குத் தெரியவில்லை. ஓட்டல்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஏமாற்றுக் கடை என்று ஊரெல்லாம் சொன்னார். ஜாடிகள் தேங்கின. துன்யா என்னைக் கூப்பிட்டு அண்ணன் முன்னால் நிறுத்தினாள்.

"மெசேஜ் போச்சா இல்லையா? நீங்களே சொல்லுங்க."

"போயிருக்கு," என்றேன்.

மோமிர் என்மேல் கோபப்படவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப நான்தான் கவனிக்காம விட்டிருப்பேன்."

"குடிச்சுட்டு எதையாவது அழிச்சிருப்பே. உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அவன் அப்படிக் குடிக்கிறவன் இல்லை. ஆனால் அண்ணன் தங்கை பேச்சில் மூன்றாவது ஆள் நுழைவது நாகரிகமில்லை.

அவன் ஸ்லோவேனியாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். துன்யா தனியாகத் திண்டாடினாள். நான் தினமும் போய் ஜாடி கழுவினேன், லேபிள் ஒட்டினேன். அடுத்த வசந்தத்தில் கல்யாணம். ஊதுகுழல்காரர்கள் தெருவையே அதிர வைத்தார்கள். நடனத்தில் துன்யாவின் செருப்பு அறுந்தது, வெறுங்காலோடு ஆடினாள். அவ்வப்போது வாசலைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவளுக்குப் புது போன், புது நம்பர் நான்தான் வாங்கிக் கொடுத்திருந்தேன்.

மோமிர் கடையின் இணையப் பக்கம் வழியாகத் தங்கைக்கு எழுத ஆரம்பித்தான். தொல்லைக் கடிதங்களைத் தடுக்கும் பட்டியலுக்கும் அதே பிளஸ்தான். முதலில் அவன் முகவரி. பிறகு அவன் மனைவியுடையது, கூட வேலை செய்பவனுடையது. நீங்கள் பார்த்தது அவர்களைத்தான். தடுத்த கடிதங்கள் எனக்கு மட்டும் வரும். ஒன்று விடாமல் படிப்பேன். நன்றாக எழுதுவான், சிரிப்பு வரும்.

"எங்க அண்ணனுக்கு என்னை மறந்தே போச்சு," என்று துன்யா சொல்லும்போதெல்லாம் அவள் தலையை வருடிக் கொடுப்பேன். "விடு, நான் இருக்கேன்ல."

போன வாரம் புது முகவரியிலிருந்து ஒன்று வந்தது. பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். துன்யா என்று பெயர் வைத்திருக்கிறானாம். "இதை யார் படிக்கிறீங்களோ தெரியல. என் தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிடுங்க," என்று முடித்திருந்தான். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். தனியாக உட்கார்ந்து குழந்தையின் பெயரைச் சொல்லி ஒரு ரக்கியா குடித்தேன். பிறகு அந்த முகவரியையும் பட்டியலில் சேர்த்தேன்.

துன்யா படித்திருந்தால் அழுதிருப்பாள். அவளை அழ வைக்கிற எதையும் நான் இந்த வீட்டுக்குள் விட்டதே இல்லை.