காலி பண்ற நாள்

– டேய் ஈவோ, எந்திரிடா! மேல போய்ப் பாத்தேன், அப்பா கட்டில்ல இல்ல.

– பாத்ரூம்ல இருப்பாரு, அக்கா. தூங்க விடேன்.

– பாத்துட்டேன். கோட்டும் இல்ல, கைத்தடியும் இல்ல.

– அப்ப வீட்டைச் சுத்திப் பாக்கப் போயிருப்பாரு. பொறந்த வீட்டை விடுதியாக்கி வெச்சிருந்தா பாக்கத் தோணாதா? நாம படுத்திருக்கிற இந்த எடத்துலதான் மாடு கட்டியிருந்தாங்களாம். "அதுங்க உன்னை மாதிரி குறட்டை விடாது"ன்னு எனக்குக் கிண்டல் வேற.

– சிரிக்காத. போன மாசம் அடுப்பை எரிய விட்டுட்டுத் தூங்கினவருடா. வெளிய நீச்சல் குளத்தை வெறும் தார்ப்பாயால மூடி வெச்சிருக்காங்க. முன்னாடி அது கோதுமை அடிக்கிற களம். பழைய நெனப்புல கால வெச்சாருன்னா?

– ஐயோ! இரு, சட்டைய மாட்டிக்கிறேன்.

– கடவுளே, இன்னிக்குன்னு பாத்து! மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி அவரை பெரூஜா முதியோர் இல்லத்துல விடணும்.

– இன்னும் அவர்கிட்ட நீ சொல்லவே இல்லையா?

– நீதானே சொல்றேன்ன!

– நானா? ஆசைப்பட்ட வீட்டுல ஒரு ராத்திரி தங்க வெச்சிட்டு, கெளம்பும்போது பக்குவமா சொல்லலாம்னு ராத்திரி நீதான் பேசின.

– நீயும்தான் தலையாட்டின. சண்டை அப்புறம், குளத்துக்கு ஓடு!

– தார்ப்பாய் அப்படியேதான் இருக்கு, அக்கா. பயப்படாத. ஏய், இங்க வா! நம்ம கார்ல உக்காந்திருக்காரு!

– அப்பா! உசிரே போயிடுச்சு எனக்கு. இந்தக் குளிர்ல இங்க என்ன பண்றீங்க?

– கத்தாத, நிவேஸ். விடுதிக்காரம்மா தூங்குது.

– பின் சீட்டுல எதுக்குப்பா உங்க பெட்டி?

– இன்னிக்கு சான் மார்த்தீனோ திருநாள், புள்ள. முதலாளி நிலத்தை வாரத்துக்கு உழுதவன், அவன் போகச் சொன்னா வீட்டைக் காலி பண்ற நாள். கைக்குழந்தையா உன்னைத் தூக்கிக்கிட்டு, மெத்தையெல்லாம் வண்டில ஏத்தி, இதே நாள்லதான் நாங்க எல்லாரும் இங்கேருந்து கெளம்பினோம்.

– அதெல்லாம் எந்தக் காலத்துக் கதை! இப்ப உங்களை யாரு காலி பண்ணச் சொன்னா?

– ஈவோ, வண்டிய எடுப்பா. சாப்பாட்டு நேரத்துக்குள்ள பெரூஜா போகணுமே.

– அப்பா... உங்களுக்கு எப்படி...

– கொட்டில்ல பேசினா மேல எல்லாம் கேக்கும். மாடு கன்னு போடற சத்தம் கேக்கணும்னு அப்படிக் கட்டினது. எத்தனை சுண்ணாம்பு அடிச்சாலும் அது மாறுமா?

– சொல்லணும்னுதான்ப்பா இருந்தோம். சத்தியமா. எங்களுக்குத்தான் தைரியம் வரல. அந்த முதலாளி மாதிரி எங்களை நெனச்சிடாதீங்க.

– சேச்சே. அந்தப் பாவி வாசல்ல வந்து, தொப்பியக் கழட்டிட்டு, எங்கப்பா மூஞ்சியப் பாத்துல்ல சொன்னான்.