ஜன்னலோரத்து அவரை

— கத்தியைக் கீழ போடு. முதல்ல கீழ போடுடா!

— போட்டாச்சுக்கா. வெட்டறதையும் வெட்டியாச்சு. இனி என்னைத் திட்டி என்ன ஆகப்போகுது?

— பூ பூத்து நிக்கிற அவரைக்கொடிடா அது! இன்னும் பத்து நாள்ல பிஞ்சு பிடிச்சிருக்கும். அடியோட அறுத்துப் போட உனக்கு எப்படி மனசு வந்துச்சு?

— பந்தல் ஜன்னலை அடைச்சுக்கிட்டு நிக்குது. அம்மா படுத்திருக்கிற ரூம்ல பகல்லயே லைட் போட வேண்டியிருக்கு.

— போடு. நல்லாப் போடு. அப்பா உனக்கு வீட்டைக் குடுத்தார், எனக்குக் கொல்லையைக் குடுத்தார். என் இடத்துச் செடி மேல கை வைக்க நீ யாருடா?

— சும்மா கத்தாதேக்கா. தையல் மெஷினை மிதிக்கறதும் நான், அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கறதும் நான், துணி மாத்தறதும் நான். நீ காலையில வர்ற, செடிக்குத் தண்ணி ஊத்தற, கையைக் கழுவிட்டு வேலைக்குப் போயிடற. பத்தடி தள்ளித்தானே அவங்க கட்டில்?

— கூப்பிட்டாங்களா?

— பெத்த அம்மாவைப் பார்க்க அழைப்பு வேற வேணுமா உனக்கு?

— வேணும்டா. கை உடைஞ்சு, கட்டுக்கூடப் போடாம வாசல்ல வந்து நின்னேனே, அன்னிக்கு என்ன சொன்னாங்க? "அடிச்சாலும் அவன் உன் புருஷன். திரும்பிப் போ. தனியா வந்து இந்த வாசப்படியை மிதிக்காதே." நீயும் பின்னாலதானே நின்னே? வாயைத் திறந்தியா? அதான் மிதிக்கல. கொல்லைக் கதவு வழியாத்தான் வர்றேன்.

— எனக்கு அப்போ பயம்க்கா...

— எனக்கு இல்லையா? மூணு வருஷம்டா! முதல் கோடையில இந்த மண்ணுல உடைஞ்ச ஓடும் கண்ணாடியும்தான் இருந்துச்சு. இருந்த ஆத்திரத்தையெல்லாம் மண்வெட்டியில காட்டினேன். மழைக்காலத்துல தண்ணி தேங்கி தக்காளி மொத்தமும் அழுகிப்போச்சு. பனி விழுந்தா இலைக்கு இலை பூச்சி. ஆனா பாரு, வெயில்ல குச்சியாக் காஞ்ச செடி, நாலு மழை பார்த்ததும் எதுவுமே நடக்காத மாதிரி தளிர் விடுது. அதைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். என்னால அப்படி முடியலடா.

— அம்மாவுக்கும் முடியலக்கா. நாலு நாளா தண்ணிகூடச் சரியா இறங்கல.

— அதுக்கு என் அவரையை அறுப்பியா?

— நானா அறுக்கல. அம்மாதான் வெட்டச் சொன்னாங்க. நீ வர்ற நேரத்துக்கு முழிச்சுப்பாங்க, ஜன்னல் பக்கமாத் திருப்பிப் படுக்க வைக்கச் சொல்வாங்க. நீ போற வரைக்கும் பார்த்துக்கிட்டே அழுவாங்க. கொடி ஏறினதுல இருந்து உன் முகமே தெரியலையாம்.

— தெரியும்டா. அவங்க அழறதைத் தினம் பார்த்தா என் கோபம் போயிடும்னு பயந்துதான் அந்த ஜன்னலை மறைச்சுப் பந்தலே போட்டேன்.