ஒரு விரற்கடை இடைவெளி

கார் போடுகிற சத்தத்தை வைத்து அதன் வேகத்தை எடைபோடுகிறவர்கள்தான் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர். நான் அவர்களிடம் வாதாடுவதில்லை. சத்தம் வேண்டுமென்றால் சத்தம் வருகிற மாதிரி குழாயை வளைத்துக் கொடுத்துவிடுவேன். முட்டாள்களைத் திருத்துவது என் தொழில் அல்ல.

என் பெயர் ஓரின் பிக்கெட். பேக்கர்ஸ்ஃபீல்டில் பத்தொன்பது வருஷமாகப் புகைக்குழாய், பெட்ரோல் குழாய் வேலை செய்கிறேன். இந்தப் பள்ளத்தாக்கில் எனக்கு மேல் இதைச் செய்கிறவன் இல்லை. எஞ்சின் வேலையை வெர்ன் ஹாலிஸ் பார்த்துக்கொள்வான். இருவருக்கும் ஒரே கொட்டகை. பதினொரு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் நின்றிருக்கிறோம். எஞ்சின்காரர்கள் எல்லோரையும்போல அவனும் வாயாடி.

லாயிட் ஃபென்னர் பிப்ரவரியில் வந்தான். ஊருக்கு நடுவில் ஷூ கடை வைத்திருக்கிறவன். நாள் முழுக்க மண்டியிட்டு அடுத்தவர் பாதத்தை அளக்கிற மனிதனுக்குத் திடீரென்று வேகத்தின்மேல் ஆசை வந்துவிட்டது. முப்பத்திரண்டாம் வருஷத்து ஃபோர்டு ஒன்றை வாங்கி, கூரையை அறுத்துத் தாழ்த்தி, மட்கார்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டுக் கொண்டுவந்து நிறுத்தினான். மொஹாவி பாலைவனத்தின் உலர்ந்த ஏரியில் மே மாதம் நடக்கிற வேகப் போட்டியில் ஓட்டவேண்டுமாம். கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்திருந்தான். டையோடு காருக்கு அடியில் படுக்கிறவனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வேலை என்னவென்று சொல்கிறேன், உங்களுக்கு அது தெரியவேண்டும். வெர்ன் போட்ட எஞ்சினுக்கு மூன்று கார்புரேட்டர். அவ்வளவு பெட்ரோல் குடிக்கிற எஞ்சினுக்குப் பழைய குழாய் போதாது. டேங்கை இருக்கைக்குப் பின்னால் நகர்த்தி, அங்கிருந்து முன்பக்கம்வரை காரின் அடிச்சட்டத்தை ஒட்டித் தடித்த செம்புக் குழாய் ஒன்றைக் கொண்டுபோனேன். எஞ்சினிலிருந்து இறங்குகிற புகைக்குழாய்களை இடதுபக்கம் ஒரே வீச்சில் வளைத்துக் கீழே இறக்கினேன். அந்த வளைவைப் பார்ப்பதற்காகவே ஆட்கள் வந்துபோனார்கள்.

இரண்டையும் வெவ்வேறு வாரங்களில் செய்தேன். ஓரிடத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளிதான் மிஞ்சியது. இதைத் தவறு என்று எழுதாதீர்கள். ஒரு விடுபடல், அவ்வளவுதான். என் கண்ணே அதைப் பிடித்திருக்கும். ஆனால் ஃபென்னர் முந்திக்கொண்டான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். கொட்டகையில் வெர்னும், வேறு இரண்டு வாடிக்கைக்காரர்களும் இருந்தார்கள். காருக்கு அடியிலிருந்து ஃபென்னரின் குரல் வந்தது.

"ஓரின், ஒரு சந்தேகம். எனக்கு இதெல்லாம் தெரியாது, தப்பா நினைச்சுக்காதீங்க. இந்தப் பெட்ரோல் குழாய் புகைக்குழாய்க்கு இவ்வளவு பக்கத்துல போகலாமா? சூடு ஏறாதா?"

வெர்ன் குனிந்து பார்த்தான். நடுவே விரலை விட்டுப் பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான்.

"மாப்ளே ஓரின், பத்தொன்பது வருஷமா குழாய் வளைக்கிறே. கடைசியில ஷூ விக்கிறவர் வந்து உனக்குப் பாடம் நடத்த வேண்டியதாப் போச்சே. அவர் கடையில ஒரு ஜோடி வாங்கிக்கடா, கூட ரெண்டு பாடம் இலவசமாச் சொல்லித் தருவாரு."

வாடிக்கைக்காரர்களும் சிரித்தார்கள். ஃபென்னர் மட்டும் சிரிக்கவில்லை. வெளியே நகர்ந்து வந்து, முகம் சிவந்து, "சும்மாத்தான் கேட்டேன்" என்றான். எனக்காக அவன் சங்கடப்பட்டான். வெர்னின் சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

"அது தற்காலிகமா வச்சது. மாத்தத்தான் போறேன்" என்றேன்.

அந்த வாரம் முழுக்க வெர்ன் இதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். நான் தினமும் சாப்பிடுகிற கடையில் பரிமாறுகிறவள், செர்ரி கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டே, "உங்க ஷூ என்ன சைஸ் மிஸ்டர் பிக்கெட்?" என்று கேட்டாள். அவளுக்குக் காரில் எத்தனை சக்கரம் என்பதே தெரிந்திருக்காது.

புதன்கிழமை வெர்ன் உதிரிபாகம் வாங்கப் போயிருந்தபோது அந்தச் செம்புக் குழாயைக் கழற்றினேன். சட்டத்தின் மறுபக்கம் போகிற மாதிரி புதிதாக ஒன்றை வளைத்தேன். வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. நாலு பிடிப்புகளை முறுக்கினால் வேலை முடிந்தது.

அதை எடுத்துச் சுவரோரம் சாத்தி வைத்தேன். பழையதையே திரும்ப மாட்டினேன். அதன்மேல் ஒரு தகட்டை வைத்து ஆறு திருகாணி போட்டு மூடினேன்.

ஏன் என்று இதற்கு முன் பேசிய உங்கள் போலீஸ்காரரும் கேட்டார். நேரம் இல்லாமல் அல்ல. புதுக் குழாயை மாட்டினால் அந்தக் கார் ஓடுகிற காலமெல்லாம் அதற்குள் ஃபென்னரின் யோசனை ஓடிக்கொண்டிருக்கும். என் வேலைக்குள் ஒரு ஷூ கடைக்காரனின் யோசனை. நியாயமாக நினைத்துப் பார்த்தால் நீங்களும் சம்மதித்திருக்கமாட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை அவன் டோனட் வாங்கிக்கொண்டு வந்தான். எப்போதும் வாங்கி வருவான்.

"மாத்தியாச்சா ஓரின்?"

"ஆச்சு. தகட்டைக் கழட்டிக் காட்டவா?"

"ஐயோ, வேண்டாம் வேண்டாம். நீங்க சொன்னாப் போதாதா."

இப்படிப்பட்டவர்களை நான் மதிப்பதில்லை. சந்தேகப்படத் தெரிந்தவனுக்கு அதைக் கடைசிவரை பிடித்துக்கொள்ளத் தெரியவேண்டும்.

மே மாதம் இரண்டாவது ஞாயிறு. ஏரி வெள்ளையாக வெடித்துக் கிடந்தது. காலை பத்து மணிக்கே தரையிலிருந்து அனல் எழும்பியது. ஃபென்னரின் முறை நெருங்கியது. அவன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அதை வெர்னிடம் நீட்டினான்.

"மூணு மாசம் இதோட கிடந்தது நீங்க. முதல் ஓட்டம் உங்களோடதுதான் வெர்ன்."

வெர்ன் கண்கலங்கிவிட்டான். எஞ்சின்காரர்களுக்கு அது சுலபமாக வரும்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அதற்காக அவனைத் தடுக்க எனக்கு நேரமே இருக்கவில்லை என்று சொல்லமாட்டேன். எங்களுக்கு முன்னால் இன்னும் மூன்று கார்கள் இருந்தன. ஒவ்வொன்றும் போய் அதன் தூசி அடங்கப் பத்து நிமிஷம் ஆகும். வெர்ன் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

"என்னடா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? இன்னும் கோவமா? சும்மா கிண்டல்டா, விடு. அந்தக் குழாய மாத்திட்டேல்ல?"

"மாத்திட்டேன்."

"அப்ப சரி. வந்து பீர் வாங்கித் தர்றேன்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் இறங்கியிருப்பான். இறங்கிச் சிரித்திருப்பான். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது காரின் தூசியும் அடங்கியது. கொடி இறங்கியது.

முதல் மைல்வரை அழகாக ஓடியது. புகைக்குழாய் பாடின பாட்டைக் கேட்டு ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு வெள்ளைத் தூசிக்கு நடுவே கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. பெட்ரோல் சூடேறி, குழாய் இணைப்பு விட்டுப்போய், பழுக்கக் காய்ந்திருந்த புகைக்குழாய்மேல் பீய்ச்சியிருக்கிறது. நான் கணக்குப் போட்டிருந்த இடத்தைவிடக் கொஞ்சம் தள்ளித்தான் நடந்தது.

ஃபென்னர் தன் பிக்கப் வண்டியில் பாய்ந்து போனான். எரிகிற கதவை வெறுங்கையால் பிடித்து இழுத்திருக்கிறான். அது எப்படித் திறக்கும் என்றுகூட அவனுக்கு ஞாபகம் இல்லை. நான் நடந்து போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது வெர்னைத் தரையில் படுக்கவைத்திருந்தார்கள். ஃபென்னர் தன் கைகளைக் காற்றில் தூக்கிப் பிடித்தபடி அவன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் காரைச் சுற்றி வந்தேன். தகடு வெந்து சுருண்டிருந்தது. அதையும் அதற்குள் இருந்த துண்டுக் குழாயையும் கிடுக்கியால் பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றி என் வண்டியில் போட்டுக்கொண்டேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஃபென்னர் கொட்டகைக்கு வந்தான். முழங்கைவரை கட்டு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அன்னைக்குக் காலையில நான் பெட்ரோல் தள்ளுற பம்ப் அழுத்தத்தைக் கொஞ்சம் ஏத்தி வச்சேன் ஓரின். யார்கிட்டேயும் சொல்லல. அதனால இருக்குமா?"

அதனால் இல்லை. அந்த அழுத்தத்தை என் குழாய் தூக்கத்திலேயே தாங்கும்.

"இருக்கலாம்" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். அங்கிருந்து நேராக வெர்னின் மனைவி ஓபலிடம் போய், உன் புருஷனைக் கொன்றவன் நான்தான் என்று சொல்லியிருக்கிறான். அவள் அவன் முகத்தில் அறைந்தாளாம். மறுவாரம் ஷூ கடையை மூடிவிட்டான். அழுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அலுப்புத்தான் வரும். நான் அதில் தலையிடவில்லை.

நேற்று மரண விசாரணை நடந்ததாமே. அதில் அவன் என்ன சொன்னான் என்று இன்று காலைப் பத்திரிகையில் படித்தேன். புகைக்குழாய், பெட்ரோல் குழாய் எல்லாம் தன் யோசனைப்படி, தன் கையால் அமைத்தது என்று சொல்லியிருக்கிறான். ஓரின் பிக்கெட் கருவிகளைக் கொடுத்து உதவியதோடு சரி, அவர்மேல் எந்தப் பழியும் இல்லை என்று சொல்லியிருக்கிறான். என்னைக் காப்பாற்றுகிறானாம். பத்திரிகையும் அப்படியே அச்சடித்திருக்கிறது.

நான் மனசாட்சி உறுத்தி வந்ததாக நீங்கள் நினைப்பது உங்கள் முகத்திலேயே தெரிகிறது. நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழாயைப் பழைய இடத்திலேயே மாட்டியவன் நான். மூடியவன் நான். கேட்டபோதெல்லாம் பொய் சொன்னவன் நான். வெர்ன் செத்தது என்னால்தான். சாக்கு என் வண்டியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் பத்திரிகைக்காரர்களுக்கு இன்றே சொல்லி அனுப்புங்கள். ஒரு ஷூ கடைக்காரனால் அப்படியொரு வளைவைப் போட முடியும் என்று இந்த ஊர் இன்னொரு நாள் நம்பிக்கொண்டிருப்பதை என்னால் பொறுக்க முடியாது.