தொப்பிக்கு அளவான தலை

நரிக்கு முகத்தைவிடக் காதுதான் முக்கியம். இரண்டு காதும் சரியாக விழுந்துவிட்டால், கண்ணும் மூக்கும் வைக்காமலே பார்ப்பவர்களுக்கு அது நரியென்று தெரிந்துவிடும். காது பிழைத்தால் பூனையாகிவிடும், இன்னும் பிழைத்தால் மாடு. நான் முதன்முதலில் பின்னிய தொப்பியில் விழுந்தது மாடுதான். அதை ஒருவருக்கும் காட்டவில்லை.

இரண்டு ஊசி பிடித்துப் பின்னும் பொறுமை எனக்கு இல்லை. என்னிடம் இருப்பது லூம், சுற்றிவர முளைகள் நிற்கும் ஒரு பிளாஸ்டிக் வளையம். முளைகளில் நூலைச் சுற்றி, கீழ்ச் சுற்றைக் கொளுக்கியால் தூக்கி முளைக்கு மேலால் உள்ளே விழுத்தவேண்டும். டிவியில் நாடகம் பார்த்தபடியே ஒரு பொம்மைத் தொப்பியை முடித்துவிடலாம். ஒன்றே ஒன்று, தொப்பியின் சுற்றளவு நம் கையில் இல்லை. வளையம் எவ்வளவோ தொப்பியும் அவ்வளவு.

மோர்டனில் என் தங்கை லோஜினியின் வீட்டில், மேல்மாடிச் சின்ன அறையில் இருக்கிறேன். பேக்கரியில் காலை ஷிப்ட். அது முடிந்ததும் தங்கையின் மகள் ஓவியாவைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவருவேன். அவளுக்கு ஆறு வயது. பட்டப்பகலில் எங்கள் குப்பைத்தொட்டியடியில் வந்து படுத்திருக்கும் நரியென்றால் அவளுக்குப் பைத்தியம். அதற்குத் தன் தகப்பனின் பெயரையே வைத்து ‘நிர்மலன்’ என்று கூப்பிடுவாள். அப்பாவும் சோபாவில் அப்படித்தான் படுப்பாராம்.

அவளிடம் ஒரு பொம்மை இருந்தது. ஜெர்மனியில் இருக்கும் மாமி, நிர்மலனின் அக்கா குமுதினி, அனுப்பியது. இடுப்புவரை கறுத்த சுருட்டைத் தலைமயிர். முன்பெல்லாம் வீட்டுக்கு வந்ததும் என் அறைக்கு ஓடிவந்த பிள்ளை, அதன்பிறகு சீப்பும் கையுமாகப் பொம்மைக்குத் தலையிழுக்க ஓடினாள். எதற்கெடுத்தாலும் ‘மாமி அனுப்பினது, மாமி அனுப்பினது’. எனக்கு அதில் பொறாமை ஒன்றும் இல்லை. ஒரு நரித் தொப்பி பின்னிக் கொடுத்தால் ‘பெரியம்மா பின்னினது’ என்றும் ஒருதரம் சொல்வாளே என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

பின்னினேன். செம்மஞ்சள் நூல், காதுக்குள் வெள்ளை. அப்படியொரு காது எனக்கு அதுவரை விழுந்ததே இல்லை. ஓவியா பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் பொம்மையை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். தொப்பி இறங்கவில்லை. அந்தச் சுருட்டையின் உச்சியில், பானைமேல் கவிழ்த்த சிரட்டை மாதிரி நின்றது.

அடுத்த பெரிய வளையமும் பெட்டிக்குள் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. குலைத்துத் திரும்பப் பின்னியிருந்தால் ஒரு பின்னேர வேலை. ஆனால் அந்தக் காதுகளைப் பார்த்தேன், எனக்கு மனம் வரவில்லை. நீங்களே பார்த்திருந்தாலும் பிழை தொப்பியில் இல்லை என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

பின்பக்கம் கொஞ்சம் மட்டும் கத்தரித்தேன். பிறகு பார்த்தால் மற்றப் பக்கம் ஒத்துவரவில்லை. சமப்படுத்துவது என்று இறங்கினால் எங்கே நிற்பாட்டுவது என்று தெரியாது. கடைசியில் தொப்பி அளந்துவைத்த மாதிரி இறங்கியது. செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிக்கலாமா என்று கேட்பார்கள். கால் வளராது, சரி. தலைமயிர் வளரும்தானே என்று அந்நேரம் நினைத்தேன். பொம்மையின் தலைமயிர் வளராது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதற்குள் அது மொட்டை.

குப்பை வாளி நிரம்பியிருந்தபடியால், வெட்டியதை ஓவியாவின் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். கத்தரிக்கோலையும் அங்கேயே வைத்தேன். அது அவளுடைய முனை மழுங்கிய பள்ளிக்கூடக் கத்தரிக்கோல். ஒருவரின் பொருளை எடுத்தால் அவரிடமே திருப்பி வைக்கவேண்டும் என்றுதான் எங்களை வளர்த்தார்கள். தொப்பியை மட்டும் கழற்றி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். மொட்டையைக் கண்டு பிள்ளை அழும், அப்போது கொடுத்தால்தானே அதற்கு மதிப்பு.

ஆனால் அழுகையோடு முடியவில்லை. லோஜினி கட்டிலுக்குக் கீழே பார்த்துவிட்டாள்.

“நான் வெட்டேல்லை அம்மா. ப்ராமிஸ்.”

“வெட்டினதுக்கு எனக்குக் கோவமில்லை. முகத்தைப் பாத்துக்கொண்டு பொய் சொல்லுறாய், அதுக்குத்தான். உண்மையைச் சொல்லுமட்டும் ஸூவுக்குப் போறேல்லை.”

அந்தச் சனிக்கிழமை மிருகக்காட்சிச்சாலைக்குப் போவதாக இருந்தது. ஓவியா எவ்வளவோ காலமாகக் காத்திருந்த நாள். அவளுக்கு அங்கே போகவும் வேண்டும், செய்யாததைச் செய்தேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. இரண்டு நாளாகச் சோற்றைப் பிசைந்தபடி இருந்தாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நான் என்ன கல்லா? அதனால் அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கதைத்தேன்.

“ஓமெண்டு சொல்லிவிடன் குஞ்சு. அம்மாவுக்கும் நிம்மதி, உனக்கும் ஸூ.”

“பட் ஐ டிட்ண்ட், பெரியம்மா.”

“நித்திரையில எழும்பி வெட்டியிருப்பாய். சின்னப் பிள்ளையளுக்கு அது தெரியவராது. வடிவா யோசிச்சுப் பார்.”

கெட்டிக்காரப் பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு வடிவாக யோசித்தது. பிறகு என் காதுக்குள், “ஓம், இப்ப கொஞ்சம் ஞாபகம் வருது” என்றது. கையை எப்படி வைத்திருந்தாள், நிலா வெளிச்சம் எந்தப் பக்கம் விழுந்தது என்றெல்லாம் சொன்னாள். அப்படியே போய்த் தாயிடமும் சொன்னாள். லோஜினி கட்டிப்பிடித்து அழுதாள், நானும் அழுதேன். நல்ல அழுகை. அதன்பிறகு பையைத் திறந்து தொப்பியை எடுத்தேன்.

அந்தப் பிள்ளை துள்ளிய துள்ளலை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். நிர்மலன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். லோஜினி மட்டும் தொப்பியை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

“அக்கா, மொட்டையடிப்பாள் எண்டு தெரிஞ்சே அளவெடுத்த மாதிரியெல்லோ இருக்கு.”

“பழகினால் கைக்கு அளவு தெரியும்” என்றேன். அது பொய்யில்லை.

சனிக்கிழமை சிங்கத்துக்கும் சிறுத்தைக்கும் முன்னால் நின்று, தொப்பி போட்ட பொம்மையைத் தூக்கிக் காட்டி, “பெரியம்மா மேட் இட்” என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னாள். அங்கே இருந்த மிருகங்களுக்கும் சொன்னாள். குமுதினி வீடியோவில் மொட்டையைப் பார்த்துவிட்டு, “இனி வடிவான சாமான் ஒண்டும் அனுப்பமாட்டன்” என்று முகத்தைச் சுளித்தாள். எனக்கு அதில் சந்தோசமும் இல்லை, கவலையும் இல்லை. அன்று பாயசம் வைத்தேன், வைக்கவேண்டும் போல இருந்தது.

இதைவிட நல்லது ஒன்றும் நடந்தது. பள்ளிக்கூடத்தில், நேர்மையாக நடந்துகொண்ட ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொன்னார்களாம். ஓவியா எழுந்து, பொம்மையின் தலைமயிரை வெட்டியதையும், முதலில் பொய் சொன்னதையும், பிறகு உண்மையை ஒப்புக்கொண்டதையும் சொல்லியிருக்கிறாள். தங்க நட்சத்திரம் ஒட்டிவிட்டார்கள். அது இப்போது எங்கள் பிரிட்ஜ் கதவில் இருக்கிறது. பால் எடுக்கும்போதெல்லாம் பார்ப்பேன், பெருமையாக இருக்கும். வீட்டில் யாருக்கு என்ன நட்டம், சொல்லுங்கள். ஒரு பிள்ளை உண்மை பேசப் பழகியிருக்கிறாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பிறந்தநாள். பொம்மைக்கு இருக்கும் அதே தொப்பி தனக்கும் வேண்டும் என்று கேட்டாள். பெட்டியில் இருந்த ஆகப் பெரிய வளையத்தில் பின்னினேன். இந்த முறை காதுகள் முன்னதைவிட வடிவாக விழுந்திருக்கின்றன. நரி வந்து பார்த்தால் அதற்கே வெட்கம் வரும்.

நீச்சல் முடிந்து வந்த களைப்பில் ஓவியா சோபாவில் நித்திரையாகிவிட்டாள். தகப்பனும் நரியும் படுக்கிற அதே படுக்கை. மெல்லப் போட்டுப் பார்த்தேன். இறங்கவில்லை. லோஜினி எண்ணெய் வைத்து வைத்து வளர்த்த தலைமயிர், இடுப்புக்குக் கீழே, நல்ல அடர்த்தி. குமுதினி வீடியோவில் வரும்போதெல்லாம் ‘அப்படியே என்ர தலைமயிர்’ என்று சொல்லுவாள்.

அவளுடைய கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஏற்கெனவே ஒருமுறை வெட்டி, ஒப்புக்கொண்டு, நட்சத்திரமும் வாங்கிய பிள்ளை. வீட்டில் பெரிதாக விசாரிக்கமாட்டார்கள். இந்த முறை நினைவுக்கு வர அவளுக்கும் இரண்டு நாள் எடுக்காது. அதோடு, இது பொம்மையின் தலைமயிர் இல்லை. வளரும்.