பெட்ரோல் குழாய்க்கு ஒன்பது முழம்

"கைய நீட்டு. நானும் நீட்டறேன். தப்பு யாருதுன்னு தெரிஞ்சிடும்."

ஆவடி போகும் மாலை ரயிலில் என் எதிரே உட்கார்ந்திருந்த உயரமான மெக்கானிக் இப்படிச் சொன்னார். பக்கத்தில் இருந்த குள்ளமான நண்பர், தன் பழைய ரேஸ் காருக்கு வாங்கிய புதுச் செம்புக் குழாயைச் சுருட்டி மடியில் வைத்திருந்தார். இருவரும் முழங்கையோடு முழங்கை சேர்த்துக் கையை நீட்டினார்கள். மெக்கானிக்கின் விரல்கள் இரண்டு அங்குலம் தாண்டி நின்றன.

"டேங்க்லேர்ந்து இஞ்சின் வரிக்கும் ஒம்போது முழம்னு நீதான சொன்ன, மச்சான்?"

"என் கையால அளந்து சொன்னேன். நீ உன் கையால அளந்து வெட்டிகினு வந்துகீற. மொத்தத்துல ஒரு முழம் கொறையுது."

"சுத்திப் போவாம குறுக்கால வுடேன்."

"குறுக்கால சைலன்சர் கீது. அதும்மேல வுட்டா பெட்ரோல் சூடாகி ரெண்டாவது ரவுண்டுலயே வண்டி நின்னுடும்."

"ஒரு துண்டு ஒட்டு போடு."

"ஒட்டு போட்ட குழாயப் பாத்தா நாளைக்கு ரேஸ்ல உள்ளயே வுட மாட்டாங்க."

கூடையோடு நின்ற பூக்கார அம்மா சொன்னார்: "நாங்க முழம் போட்டா மட்டும் கை குட்டைன்னு சண்டைக்கு வராங்க."

"குழா வாங்குன கடை எத்தினி மணிக்கு மூடுவான்?" என்றார் மெக்கானிக்.

"எட்டு."

என் கடிகாரத்தில் ஏழு ஐந்து. வில்லிவாக்கத்தில் இருவரும் திரும்பிப் போக இறங்கினார்கள். மெக்கானிக் சொன்னது ஜன்னல் வழியே கேட்டது.

"வெலய நீயே பேசு, மாமே. கைய மட்டும் நீட்டாத."