இவானோவின் வலது தொடை

எண்ணெயை உள்ளங்கையில் சூடு பிறக்கத் தேய்த்துக்கொண்டுதான் ஆளைத் தொட வேண்டும். குளிர்ந்த கை பட்டால் தசை சுருண்டுகொள்ளும். இந்த ஊர் கால்பந்து கிளப்பில் முப்பத்தோரு வருஷம் ஆட்டக்காரர்களுக்கு உடம்பு பிடித்துவிட்டவன் நான். என் கை குளிர்கிறது என்று ஒருவனும் சொன்னதில்லை.

இவானோ பிரெஸ்ஸான் ஏன் இருபத்தாறு வயதிலேயே ஆட்டத்தை விட்டான் என்று பத்திரிகைக்காகக் கேட்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன்.

கிளப்புக்கு வருமுன் போ என்ற ஆற்றின் கரையிலுள்ள சர்க்கரை ஆலையில் மூட்டை தூக்கினேன். அங்கே கற்றது இது: தொடையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டினால் ஆறு வாரம் கை வைக்கக் கூடாது. அழுத்தினால் தசைக்குள்ளேயே எலும்பு வளரும். என்னோடு மூட்டை தூக்கிய அல்ஃபியோவுக்கு அப்படித்தான் கால் மடங்காமல் போயிற்று.

இவானோ நடுக்களத்தில் நின்றால் மற்ற பத்துப் பேரும் மூச்சு விடலாம். ஆட்டம் முடிந்ததும் அவர்கள் காருக்கு ஓடுவார்கள். அவன் மட்டும் என் மேஜையில் கிடந்து பேசுவான். என் மனைவி போன பிறகு என்னோடு உட்கார்ந்து பேசியவன் அவன் ஒருவன்தான். அந்த மார்ச்சில் மிலானிலிருந்து பெரிய கிளப் அவனைக் கேட்டது. ஜூனில் கையெழுத்து.

"ஒரெஸ்தே அண்ணே, உங்களையும் பெட்டில போட்டுத் தூக்கிட்டுப் போயிடறேன்," என்றான். அங்கே இந்த வேலைக்கு ஐந்து பேர் இருந்தார்கள்.

ஏப்ரலில் எதிராளியின் முழங்கால் அவன் தொடையில் இறங்கியது. ஓய்வு போதும் என்றார் டாக்டர். அவர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். மற்ற நாட்களில் நான் கதவைச் சாத்திவிட்டு அழுத்தினேன். தெரிந்துதான் அழுத்தினேன்.

"அண்ணே, உயிர் போவுதுண்ணே."

"வலிச்சாத்தான்டா கட்டு உடையும்."

"இடிச்சவனை விட்டுட்டு உங்க கட்டைவிரலுக்குச் சிவப்பு அட்டை காட்டியிருக்கணும்."

சிரித்தான், கண்ணில் நீர் வழிந்தது. துண்டைக் கடித்துக்கொண்டு காலை நீட்டினான்.

ஜூனில் எக்ஸ்ரே எடுத்தபோது தசைக்குள் எலும்பு தெரிந்தது. மிலான்காரர்கள் வரவில்லை. மறுவருஷம் அறுத்து எடுத்தார்கள். தையல் பிரித்த கையோடு நேரே என்னிடம்தான் வந்தான். எலும்பு மறுபடி வளர்ந்தது.

இருபத்துமூன்று வருஷமாக வியாழன்தோறும் தடியூன்றி என் வீட்டுப் படியேறுகிறான். "அண்ணன் கை இல்லேன்னா நான் படுத்த படுக்கைதான்," என்று ஊரெல்லாம் சொல்கிறான்.

இன்று வியாழன். படியில் கேட்பது அவன் தடிதான். சொல்வதானால் அவனிடம் சொல்லுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஒன்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: என்னை விட்டால் பாவம், அவனுக்கு யார் இருக்கிறார்கள்?