எஸ்கிலின் காதும் மாரெனின் இறக்கையும்

நம் காற்றாலைக் கூட்டுறவைப் பதினாறு ஆண்டுகளாகத் தோளில் சுமக்கும் அவைத்தலைவர் ஹோல்கர் அவர்களே! அடித்தளம் தோண்டிய அன்று அடைமழையில் நனைந்த பெரியோர்களே! காலையிலிருந்து அடுக்குக் கேக் செய்த களைப்போடு என் பேச்சையும் பொறுக்கப்போகும் தாய்மார்களே! கோட்டைக் கழற்றாமல் கதவோரம் நிற்கும், கூட்டுறவில் பங்கே இல்லாத எஸ்கில் அவர்களே! ஆமாம், உங்களையும்தான்! அனைவருக்கும் டாக்னியின் அன்பு வணக்கம்.

நோர்க்லிட் கரையில் இருபது ஆண்டாகச் சுழலும் நம் காற்றாலை மாரெனைப் பிரித்து இறக்கிவிடலாமா என்று இன்று வாக்கெடுக்கிறோம். "அவளுக்கு வயசாயிடுச்சு, விட்ருவோம்" என்கிறது நிர்வாகக் குழு. நான் கேட்கிறேன்: தளர்ந்தவள் மாரெனா? தவறியவர்கள் நாமா?

மூன்று ஆண்டாக மின்சாரம் குறைந்தது. காற்றைக் குறை சொன்னோம். கடலைக் குறை சொன்னோம். பக்கத்து ஊரில் இதே வகைக் காற்றாலை குறையாமல் சுழல்கிறதே, அவர்களுக்கு மட்டும் காற்று வேறு வானத்திலிருந்தா வந்தது? புயல் அடித்தால் போதும், நம் ஆட்கள் காப்பிக் குடுவையோடு மாரெனின் காலடிக்கு ஓடுவார்கள். மீட்டர் உச்சம் தொடும். "பாத்தியா, நம்ம பொண்ணு சிங்கம்!" என்று முதுகில் தட்டிக்கொள்வார்கள். அன்பர்களே, தேய்ந்த இறக்கையும் புயலில் உச்சம் தொடும்! தேய்மானம் தெரிவது மிதமான காற்றில். அந்த நாட்களில் நம்மில் யார் போய்ப் பார்த்தோம்?

நானும் குற்றவாளிதான். கயிற்றில் தொங்கி ஊர் ஊராக இறக்கை பழுது பார்ப்பவள், சொந்த ஊர் இறக்கையைத் தரையில் நின்று தொலைநோக்கியில் பார்த்து, மூன்று முறை "நல்லாருக்கு" என்று எழுதிக் கொடுத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கண்டுபிடித்தவர் யார்? மாரெனை முதல் நாளே வெறுத்த எஸ்கில்! "உஸ்ஸு உஸ்ஸுன்னு மூச்சு விடுது, உக்கார முடியல" என்று ஆண்டுதோறும் புகார் எழுதும் அதே எஸ்கில்! போன இலையுதிர்காலத்தில் என்னை வழிமறித்தார்.

"டாக்னி, அது சத்தம் மாறிப்போச்சு."

"இருபது வருஷமா இதத்தானே சொல்றீங்க!"

"இல்லம்மா. முன்னாடி மூச்சு விட்டுச்சு. இப்ப சீறுது. பல்லு போனவன் சூப்பு உறிஞ்சுற மாதிரி."

சிரித்தேன். ஆனாலும் மனது கேட்கவில்லை, மறுநாள் மாரெனை நிறுத்திவிட்டு ஏறினேன். சுழலும்போது இறக்கையின் நுனி மணிக்கு இருநூற்றெழுபது கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. அந்த வேகத்தில் மோதும் மழைத்துளி வெறும் தண்ணீரா? இல்லை, கல்! காற்றை வெட்டும் விளிம்பு, வழவழவென்று இருக்க வேண்டிய விளிம்பு, என் விரலுக்குக் கறுப்பு ரொட்டியின் ஓடு போலச் சொரசொரத்தது. அங்கே காற்று வழுக்கிப் போகாது, பிய்ந்து சிதறும். தூக்கும் விசை குறையும். இருபது நாள் சுழன்றால் ஒரு நாள் வீண்! அந்தச் சிதறலைத்தான் எஸ்கில் கேட்டிருக்கிறார்.

யாரது, மூன்றாம் வரிசையில்? "அதான் தேஞ்சுபோச்சுல்ல, இறக்க வேண்டியதுதானே?" என்கிறீர்களா? ஐயா, அடிப்பூச்சு உரிந்தால் படகையா எரிக்கிறீர்கள்? மாரெனின் கோபுரம் உறுதி, பல்சக்கரம் உறுதி. தேய்ந்தது விளிம்பு மட்டும்! காற்று தணியும் கோடையில் தேய்த்து, பள்ளம் நிரப்பி, பூச்சு பூசுவேன். இனிக் கனமழையில் வேகத்தைக் குறைத்து ஓட்டுவோம்.

சற்றுமுன் எஸ்கிலைக் கேட்டேன்: "இறக்கினா உங்களுக்குக் கொண்டாட்டம்தானே, எதுக்கு வந்தீங்க?"

"இத இறக்கிட்டு இன்னும் ரெண்டு பங்கு உசரத்துல ஒண்ண நட்டு வைப்பீங்க. உங்களத் தெரியாதா எனக்கு? இது நான் திட்டிப் பழகின சத்தம். அதையே திருப்பிக் கொண்டா."

கொண்டு வருகிறேன்! பூச்சு முடிந்ததும் தொலைநோக்கியை நம்ப மாட்டேன். புயல்நாள் மீட்டரை நம்ப மாட்டேன். எஸ்கிலின் வாசலில் போய் நிற்பேன். "மூச்சு விடுது, உக்கார முடியல" என்று அந்தப் பழைய புகாரை அவர் கைப்பட எழுதித் தரும் நாளில், நம் மாரென் பிழைத்தாள் என்று அறிவிப்பேன்!

அதோ பாருங்கள், வாக்கே இல்லாத மனிதர் கதவோரம் கையைத் தூக்கி நிற்கிறார். வாக்குள்ள கைகளே, உங்களுக்கென்ன தயக்கம்? மாரெனைக் காக்க உயருங்கள்!

காப்பி ஆறும்வரை காது கொடுத்த உங்களுக்கு என் நன்றி. வணக்கம்.